கோலிக்கு அரிக்கிற இடம்

அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த ரீட்டா, கூடத்திலிருந்து அந்தச் சத்தம் வந்ததும் திரும்பிப் பார்க்காமலே, "ஏலே கோலி, சும்மா கெட" என்று அதட்டினாள். சத்தம் நின்றது. அதன்பிறகுதான் கத்தி கையிலிருந்து நழுவியது. கோலியை நேற்று சாயங்காலம்தான் திராட்சைப் பந்தலுக்குள் குழி வெட்டிப் புதைத்திருந்தாள்.

என்ன சத்தம் என்று அவளுக்குச் சந்தேகமே இல்லை. ஒரு சின்ன நாய் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பின்னங்காலால் கழுத்தைச் சொறியும்போது, அந்தக் காலின் முட்டி டைல்ஸ் தரையில் இடிக்கும் சத்தம். டக் டக் டக் டக். மாசக்கணக்கில் அந்தச் சத்தத்தோடுதான் அவள் தூங்கியதும் விழித்ததும், ஜெபம் சொன்னதும்கூட.

கூடத்துக்குப் போய்ப் பார்த்தாள். கட்டிலுக்கு அடியில் ஒன்றுமில்லை. ஆடிக் காற்று, கம்பம் ஊருக்கு வெளியே தனித்து நின்ற அந்த வீட்டை மூன்று பக்கமும் சூழ்ந்த பந்தல்களின் கம்பிகளை மீட்டிக்கொண்டு, ஜன்னல் இடுக்கு வழியாக விசிலடித்துக்கொண்டு, தகர வாளியை உருட்டிக்கொண்டு ஓயாமல் வீசியது. காற்றுதான், வேறென்ன. ஆனாலும் அவள் ஜன்னல் கொக்கிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். எல்லாம் இறுக்கமாக இருந்தன. கூடத்தில் ஈர ரோம வாடையும், டாக்டர் எழுதிக்கொடுத்த ஷாம்பூவின் கசந்த வாடையும், அவற்றுக்கடியில் திராட்சைக்கு அடிக்கிற மருந்தின் நெடியும் லேசாகக் கலந்து நின்றன. காலையில்தான் பினாயில் ஊற்றித் துடைத்திருந்தாள்.

கோலி அவள் தங்கை இவாஞ்சலினுடைய நாய். குவைத்துக்கு நர்ஸ் வேலைக்குப் போகிறபோது, விமானச் சீட்டைவிடப் பத்திரமாக அதைத் தூக்கிக்கொண்டு வந்து அக்கா கையில் கொடுத்துவிட்டுப் போனாள். கோலிக்குண்டு மாதிரிக் கண்ணும், பஞ்சு மாதிரி வெள்ளை முடியும். பந்தலுக்கு மருந்தடிக்கிற காலம் வந்ததும் அதற்கு அரிப்பு தொடங்கியது. வயிறு சிவந்தது, அக்குளில் முடி கொட்டியது, விரலிடுக்கை நக்கி நக்கிப் புண்ணாக்கிக்கொண்டது.

தேனியில் கால்நடை டாக்டரிடம் காட்டினாள். அலர்ஜி, ஒரே நாளில் போகாது என்று அவர் சொல்லியிருந்தார். கோழிக்கறியை நிறுத்திப் பார்க்க வேண்டும். ஷாம்பூ போட்டு நுரையோடு கொஞ்ச நேரம் வைத்திருந்து அலச வேண்டும், விரலிடுக்கில் ஈரம் இல்லாமல் துடைக்க வேண்டும், மாத்திரையை நடுவில் விடக்கூடாது, எது சேரவில்லை என்று பார்த்துப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ரீட்டாவும் முதலில் எல்லாம் செய்தாள். மாத்திரை தின்ற நாய் தண்ணீராகக் குடித்து வீடெல்லாம் மூத்திரம் போனது. அதைத் துடைத்துத் துடைத்து அலுத்து, மாத்திரையை நிறுத்தினாள். பிறகு குளிப்பாட்டுவதையும் தள்ளிப்போட்டாள். கணவன் ஆண்டனி ராஜ், கேரளா எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு ஜீப்பில் விடியுமுன் போனால் இருட்டித்தான் வருவான். பகல் முழுக்க அவளும் அந்தச் சத்தமும்தான்.

பந்தலில் வேலை பார்க்கும் வேல்பாண்டியிடம், பூச்சி மருந்தில் ஒரு சொட்டு தடவினால் நிற்குமா என்று கேட்டாள். அவர் தலையாட்டி மறுத்துவிட்டார்.

"மாட்டு மேலகூட நாங்க இத அண்டவிட மாட்டோம் ஆத்தா. நக்கிக்கிட்டே கெடக்குற ஜீவன் அது. வேணாம்."

அவர் சாப்பிடப் போன நேரத்தில் மோட்டார் ரூமிலிருந்து பாட்டிலை அவளே எடுத்து வந்தாள்.

தெரியாமல் செய்ததில்லை. அதுதான் அவளைத் தின்றது. பஞ்சில் நனைத்து வயிற்றில் தடவியபோது கோலி அசையாமல் படுத்திருந்தது. யாரோ கடைசியில் தன்னைக் கவனிக்க வந்துவிட்டார்கள் என்பது போல. சொறிவது நின்றது. அந்த அமைதியில் அவள் கண்ணை மூடி உட்கார்ந்துகூட இருந்தாள். பிறகு அதன் வாயில் நுரை வந்தது, கால்கள் வெட்டின. தூக்கிக்கொண்டு ஓடியிருக்கலாம். ஆட்டோவுக்குச் சொல்லியிருக்கலாம். பார்க்கச் சகிக்காமல் பாத்ரூமுக்குள் விட்டுக் கதவைச் சாத்தினாள். உள்ளேயிருந்து அது கதவைப் பிறாண்டியது. இவள் டிவி சத்தத்தைக் கூட்டினாள்.

ராத்திரி வந்த கணவனிடம், கேட் திறந்திருந்தது, ஓடிப்போய்விட்டது என்றாள். அவன் சாப்பிடாமல் டார்ச் எடுத்துக்கொண்டு பந்தல் பந்தலாகப் போய்க் கூப்பிட்டான். அவன் குரல் காற்றில் வந்து வந்து போனதை அவள் படுக்கையில் கேட்டுக்கொண்டு கிடந்தாள். ஒரு தடவை அந்தக் குரல் குழியின் பக்கமிருந்தே வந்தது.

இன்றைக்கு வெங்காயத்தை அப்படியே போட்டுவிட்டு, பொழுது சாயும்வரை கட்டிலில் காலை மேலே தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சத்தம் திரும்ப வந்தது. முதலில் வாசல் பக்கம். பிறகு அலமாரிக்குப் பின்னால். காற்று அடங்கும்போதெல்லாம் கேட்டது. காற்று எழும்பினால் அது காத்திருந்தது.

செல்போன் அடித்தது. இவாஞ்சலின், வீடியோவில். எடுக்காமல் விட்டாள். மறுபடி அடித்தது. சொல்லிவிடுவோம் என்று ஒரு கணம் நினைத்தாள். ஓடிப்போய்விட்டது என்பதையாவது. எடுத்தாள்.

தங்கை டியூட்டி முடிந்து களைத்த முகத்தோடு இருந்தாள். சாப்பாட்டையும் அங்குள்ள வெயிலையும் பற்றி ஏதோ பேசினாள். ரீட்டா ம் கொட்டினாள். "இவா, கோலி வந்து..." என்று தொடங்கினாள்.

இவாஞ்சலினின் முகம் மலர்ந்தது.

"அங்கன உனக்குப் பின்னாடிதான இருக்கான். பாத்துட்டேன்."

ரீட்டா திரும்பிப் பார்த்தாள். சுவர். தலையணை.

"முடியெல்லாம் வளந்துருச்சேக்கா. டாக்டர் நல்லா பாத்துருக்காக. சொறியவே இல்ல பாரேன்."

சொறிகிற சத்தம் நின்றுபோயிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை. திரையின் மூலையில் ரீட்டாவின் படம் சின்னதாகத் தெரிந்தது. அவள் தோள். அவளுக்குப் பின்னால் சுவர். வேறொன்றும் இல்லை.

கரண்ட் போனது.

"கரண்ட் போயிருச்சா? கண்ணு ரெண்டும் எப்படி மின்னுது." தங்கை சிரித்தாள். "பயந்துட்டான் போல. உன் மடியில ஏறுறான்."

மெத்தை அமுங்கியது. ஒரு சின்னக் கால். இன்னொன்று. தொடையில் ஒரு கனம். கோலியின் கனமேதான். ஆனால் சூடு இல்லை. பிழிந்து போட்ட துணியின் ஈரம்.

அந்த நெடி.

அவளால் எழ முடியவில்லை. கத்தவும் வரவில்லை.

"தடவிக் குடு அக்கா. எவ்வளவு ஆசையா பாக்குறான். முன்னங்காலுக்கு உள்பக்கம், அங்கனதான் அதுக்கு அரிக்கும்."

அவள் கை போனது. அவள் அனுப்பவில்லை. தானாகப் போனது.

விரலில் முடி படவில்லை. மண். ஈர மண். அதற்கடியில் வழவழவென்று ஏதோ.

"அங்கனதான். நிறுத்தாத."

ரீட்டா சொறிந்துகொடுத்தாள். ஊறிய தோல் நகத்தோடு கழன்று வந்தது. அதற்கு அடியிலும் அரித்திருக்க வேண்டும். மடியில் இருந்தது இன்னும் நெருங்கி வந்து, சுகமாக உடம்பை நீட்டிக் கொடுத்தது.