கன்றிய கை

"இது என்ன? சொல்லும்மா... இது என்ன?"

தம்பியின் வலது சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிவிட்டு நின்றாள் நாத்தனார். முழங்கைக்கு மேலே நாலு இடத்தில் மை கொட்டியதுபோல் கன்றியிருந்தது. கட்டிலில் சாய்ந்திருந்தவர் மனைவியைப் பார்த்தார். உதடு துடித்தது, வார்த்தை வரவில்லை.

"தெரியலை அண்ணி..."

"தெரியலையா! குளிப்பாட்டுறது நீ, சட்டை மாட்டி விடறது நீ. பேச்சு வராதவன், யார்கிட்ட சொல்லப் போறான்னு அடிக்கிறியா?"

அவளுக்கு உயிரே போய்விட்டது. 'இல்லை' என்று ஊரைக் கூட்டிக் கத்தியிருக்கலாம். ஆனால் எப்படிக் கத்துவாள்? திங்கட்கிழமை குளியலறையில் அவர் காலை ஊன்றாமல் அடம்பிடித்தபோது, "நானும் மனுஷிதானே!" என்று அந்தக் கையைத்தான் பிடித்து உலுக்கினாள். ஒரே ஒரு தடவை. அவர் மலங்க மலங்க விழித்தது இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. கூனிக் குறுகிச் சுவரோரம் நின்றாள்.

"கெட்டிக்காரியா இருந்திருந்தா, அன்னைக்குக் காலையிலயே அவன் வாய் கோணினதைப் பாத்திருப்ப. ஒண்ணையும் பாக்காம வேலைக்கு அனுப்பிட்டு, மத்தியானம் சாப்பாட்டைத் தூக்கிட்டுப் போய் நின்ன. ரத்தக்கட்டைக் கரைக்கிற ஊசி போடற நேரம் தாண்டிப்போச்சுன்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க. இப்போ இது வேற! டாக்டரைப் பாத்துட்டு நேரா என் வீட்டுக்குத்தான் கூட்டிட்டுப் போறேன். நீ வர வேணாம்!"

அவருக்குப் பக்கவாதம் வந்த நாளிலிருந்து, நாலு மாதமாக இதே பல்லவி. மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டும் பட்டறையில் எந்திரத்தைக் கையாலேயே தடவிக் கோளாறு சொன்ன மனுஷன், இன்று ஒரு பித்தானைப் போட முடியாமல் கிடக்கிறார். எல்லாம் தன்னால்தான் என்று அவளே நம்பிவிட்டாள். பாவி, நம்பத்தானே செய்வாள்! எட்டு மணிக்குச் சிரித்துக்கொண்டே போனவரின் வாயில் என்ன கோணலைக் கண்டாள்?

வேண்டாமென்றாலும் அவளும் ஆஸ்பத்திரிக்குப் பின்னாலேயே போனாள். டாக்டர் கன்றலை அழுத்திப் பார்த்தார். "ரத்தம் உறையாம இருக்க நான் குடுத்த மாத்திரை தவிர, வேற ஏதாவது சாப்பிடறாரா?"

"இல்லை டாக்டர். நான்தான்... நான்தான் ஒருநாள் கையைப் பிடிச்சு..." அவள் தலை குனிந்தாள்.

"அதுக்கு நாலு இடத்துல கன்றாதும்மா. இங்க பாருங்க, கால்லயும் இருக்கு."

அப்போது கணவர் இடது கையைத் தூக்கினார். விரல் மெல்ல நீண்டு அக்காவின் மடியில் இருந்த பையைக் காட்டியது. "அ... க்கா... பை..."

நாத்தனார் முகத்தில் ஈயாடவில்லை. பைக்குள்ளிருந்து ஒரு வைட்டமின்-ஈ மாத்திரை பாட்டில் வந்தது. பாதி காலி.

"தினமும் காலையில இவனைப் பாக்க வரும்போது பால்ல குடுப்பேன்... மூளையில துரு பிடிக்குது, இது துருவை எடுக்கும்னு மருந்துக் கடைக்காரர் சொன்னார்."

டாக்டர் பெருமூச்சு விட்டார். "துருங்கிறது ஒரேயடியா பொய்யில்லை. ரத்தம் நின்னா, மூளை செல்லுக்குச் சக்தி குடுக்கிற மைட்டோகாண்ட்ரியா படுத்துடும். ரத்தம் திரும்பி வரும்போது, அடிபட்ட அந்த மைட்டோகாண்ட்ரியாவே நச்சைக் கக்கி மிச்சத்தையும் கெடுக்கும். கரண்ட் திரும்பி வரும்போது மோட்டார் புகையுமே, அப்படி. இவருக்குத் தெரியும்." கணவர் மெல்லத் தலையாட்டினார். "ஆனா இந்த மாத்திரை அதைத் தடுக்கும்னு யாரும் நிரூபிக்கலை. என் மாத்திரையோட இவ்வளவு அதிகமா சேர்ந்தா உள்ளுக்குள்ள ரத்தம் கசியும். மூளையிலயே கசிஞ்சிருந்தா? என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

"எந்த முகத்தை வச்சுக்கிட்டுக் கேப்பேன்!" வெடித்து அழுதாள் நாத்தனார். "அன்னைக்குப் பத்து மணிக்குப் பட்டறையிலேர்ந்து எனக்குத்தான் போன் பண்ணினான். நாக்குக் குழறிச்சு... மறுபடி குடிக்க ஆரம்பிச்சிட்டான்னு நினைச்சேன். 'வெக்கமா இல்லையாடா'ன்னு திட்டிட்டு வச்சிட்டேன்! அப்பவே ஓடியிருந்தா ஊசி போட்டிருக்கலாம். அதைச் சொல்ல வாய் வரலை... பழியை இவ தலையில போட்டேன்!"

கணவர் கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

மனைவி எழுந்தாள். நாலு மாதம் வாங்கிய பேச்சுக்கெல்லாம் சேர்த்து நாக்கைப் பிடுங்கிக்கொள்வதுபோல் நாலு கேள்வி கேட்கலாம். "நாலு மாசம் அண்ணி... ராத்திரியெல்லாம் அவர் காலைப் பிடிச்சுக்கிட்டு மன்னிப்பு கேட்டிருக்கேன். உங்களுக்கு மனசே வரலையா?" என்றாள். அதற்குமேல் வரவில்லை. தானும் அந்தக் கையை உலுக்கியவள்தானே.

நாத்தனார் நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்தாள். "இனிமே உன் வாசப்படி மிதிக்க மாட்டேன். அவன் உன்கிட்டயே இருக்கட்டும்... நான் வரலை."

மனைவி குனிந்து, தரையில் கிடந்த பையை எடுத்தாள். பாட்டிலைக் குப்பைக் கூடையில் போட்டாள். டாக்டர் எழுதிய சீட்டை மடித்துப் பைக்குள் வைத்து, நாத்தனாரின் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"நாளைக்குக் காலையில எப்பவும்போல வந்துடுங்க அண்ணி. மாத்திரையை நீங்களே குடுங்க. சீட்டுல இருக்கறதை மட்டும்."

நாத்தனார் நிமிரவில்லை. பையை மார்போடு அணைத்துக்கொண்டு, தம்பி மனைவியின் முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.