நாற்பத்தேழு நிமிடத்தில் கரை உடையும்

போன் அலறியது.

உதவிப் பொறியாளர் சத்தியப்பிரியா எடுத்தாள். மறுமுனையில் மனுஷி இல்லை... இயந்திரக் குரல்.

"மாவடிக் கண்மாய்க் கரை நாற்பத்தேழு நிமிடங்களில் உடையும். மடைகளைத் திறக்கவும்."

கரைக்குக் கீழே அறுபது வீடு!

உடனே அடுத்த அழைப்பு. கோபிநாத். பேரிடர்த் தாங்குதிறன் செயற்கை நுண்ணறிவு மையத்தின் இயக்குநர். பெயர்ப்பலகை அறையைவிட நீளம்.

"ஏஐ எச்சரிக்கை வந்துச்சா மேடம்? மூணு மடையையும் திறந்துடுங்க."

"முந்தாநாள் பாதிக் கண்மாய்தானே சார் இருந்துச்சு?"

"மேற்கே மழை. டேட்டா பொய் சொல்லாது மேடம்... மனுஷன்தான் சொல்லுவான்."

திறந்தால் நானூறு ஏக்கர் நெல்லுக்கான தண்ணீர் ஓடையோடு போகும். திறக்காமல் கரை உடைந்தால்...

மடைச் சாவி அவள் கைப்பையில்.

"கண்ணால பார்த்துட்டுத் திறக்கறேன் சார்."

"உயிர் போனா நீங்கதான் பொறுப்பு. நானும் வர்றேன்."

கல்லல் சாலையில் ஜீப் பறந்தது.

கண்மாய்க்கரை. தண்ணீர் பாதிதான்! கரையில் ஆடு மேய்ந்தது.

பக்கத்தில் ஓர் ஐஸ் லாரி. வலையோடு, கண்மாயில் மீன் பிடிக்கும் உரிமை எடுத்த மீன்பாசி குத்தகைதாரர் வேல்பாண்டி.

கண்மாய் வடிந்தால் மீனை அள்ளிக்கொண்டு போகலாம்... அவள் கண்கள் சுருங்கின.

"மடை திறக்கப் போறது உங்களுக்கு எப்படித் தெரியும் வேல்பாண்டி? லாரியோட நிக்கிறீக?"

"உங்களுக்குப் போன் பண்ண அதே பொம்பளைதான் எனக்கும் பண்ணுச்சு. குத்தகைதாரர் பட்டியல்ல என் நம்பரும் இருக்குல்ல."

பின்னால் கார் வந்து நின்றது. கோபிநாத் குதித்தார்.

"விடாதீங்க மேடம். இவன்தான் ஹேக்கர்."

"நான் கெண்டை பிடிக்கிறவன்யா. அதென்ன மீனு?"

சத்தியப்பிரியா நிமிர்ந்து பார்த்தாள். நீர்மட்டம் அளக்கும் கருவி மடையோரக் கம்பத்தில் தொங்கியது. தண்ணீர் எவ்வளவு கீழே இருக்கிறது என்று பார்க்க அதற்கு அடியில் ஒரே ஒரு கண். மீன் கொட்டகை ஏணியைக் கம்பத்தில் சாத்தினாள்.

"ஏறாதீங்க மேடம். கைரேகை அழிஞ்சுடும்."

ஏறினாள். எட்டிப் பார்த்தாள்.

உறைந்தாள்!

கருவியின் கண்ணை மறைத்து விரல் கனத்துக்குச் சந்தனம். நடுவில் குங்குமம். தண்ணீர் மூக்கு வரை வந்துவிட்டதாகக் கருவி நினைத்திருக்கிறது.

"யாரு வேலை இது?"

வேல்பாண்டி தலையைச் சொறிந்தார்.

"இன்னைக்கு ஆயுதபூசைல்ல? இந்த சார் காலையில போட்டோக்காரரோட வந்தாக. ஏறுனது சார், ஏணி பிடிச்சது நான். 'போட்டோவில தெரியணும், நல்லா அப்பு'ன்னு அவுகளே அவுகளுக்குச் சொல்லிக்கிட்டாக."

கோபிநாத் முகம் வெளுத்தது.

அவள் சந்தனத்தை வழித்தெடுத்தாள். செல்போன் திரையில் அபாயச் சிவப்பு பச்சையானது. நானூறு ஏக்கரும் பிழைத்தது.

"மேடம்..." கோபிநாத் ஏணியடிக்கு வந்தார். "வெளிநாட்டுச் சதின்னு சென்னைக்கு அறிக்கை அனுப்பிட்டேனே. இப்ப என்ன பண்றது?"

சத்தியப்பிரியா ஏணியிலிருந்து இறங்கினாள்.

"சதிகாரன் பிடிபட்டான்னு அடுத்த அறிக்கை அனுப்புங்க சார். போட்டோதான் ஏற்கெனவே எடுத்துட்டீங்களே."