அலமாரியில் முப்பத்தெட்டு, திரையில் நாற்பத்தொன்று

காலை பத்தரை மணிக்கு மருத்துவமனை இயக்குநரின் மேசைமேல் ஒரு பெண்ணின் கைப்பை கவிழ்த்துக் கொட்டப்பட்டிருந்தது. குடை, சீப்பு, சாப்பாட்டு டப்பா, பாதி தீர்ந்த தலைவலித் தைலம். மயக்க மருந்துக் குப்பி மட்டும் இல்லை. ஆனாலும் பைக்குச் சொந்தக்காரியான மருந்துக் கிடங்குப் பொறுப்பாளர்தான் திருடி என்று அந்த அறையில் முடிவாகியிருந்தது.

சாட்சி சுவரில் தொங்கியது. ஆளுயர டிவி. அதில் குப்பிகளின் இருப்பைக் காட்டும் பொன்னிற எண் ஒன்று பம்பரமாகச் சுழன்று நின்று 41 என்றது. அலமாரியில் இருந்ததோ முப்பத்தெட்டு. பூட்டு உடையவில்லை. சாவி அவளிடம் மட்டுமே இருந்தது.

அவள் போன் செய்து வரவழைத்தது அண்ணியை. அண்ணி வேறொரு கம்பெனியில் மென்பொருளைச் சோதிப்பவள். அடுத்தவர் எழுதிய நிரலில் ஓட்டை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவள். வீட்டில் நாத்தனாரோடு ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்பதற்கே மல்லுக்கு நிற்கிறவள். மேசைமேல் கிடந்த சீப்பைப் பார்த்ததும் அவளுக்குக் காதுமடல் சூடேறியது.

சாயங்காலத்துக்குள் ஒப்புக்கொண்டால் வேலை மட்டும் போகும், இல்லாவிட்டால் போலீஸ் என்றார் இயக்குநர், தள்ளுபடி விலை அறிவிக்கிற தாராளத்தோடு.

“மெஷின் தப்பா எண்ணியிருக்காதா சார்?” என்று கேட்டாள் அண்ணி.

அதற்குப் பதில் பக்கத்து நாற்காலியிலிருந்து வந்தது. அந்த இருப்புக் கணக்கு நிரலை எழுதியவர் அங்கே வீற்றிருந்தார். தன் அறைக் கதவில் ‘தலைமை மென்பொருள் சிற்பி’ என்று பலகை மாட்டிக்கொண்டவர். அவருக்குக் கீழே சின்னச் சிற்பி என்றுகூட ஒருவரும் கிடையாது. பழைய நிரலில், குப்பி வாங்கும் இரண்டு கவுண்டர்களில் ஒன்று கணக்கை முடிக்கும்வரை மற்றது பூட்டப்பட்டுக் காத்துக் கிடக்குமாம். அந்தப் பூட்டையே ஒழித்துவிட்டு, இருப்பு எண்ணிக்கையை ‘அட்டாமிக்’ மாறியில் வைத்தாராம். எத்தனை பேர் ஒரே நேரத்தில் தொட்டாலும் பாதியில் சிதையாதாம். சொல்லும்போதே கழுத்துப் பட்டையை நீவிக்கொண்டார். இதற்கு விருது கேட்டு விண்ணப்பமும் போட்டிருந்தார்.

அண்ணி நாத்தனார் பக்கம் திரும்பினாள்.

“எப்பலேருந்து குறையுது?”

“இந்த டிவி மாட்டினதுலேருந்து அண்ணி.”

“தினமுமா?”

தினமும் இல்லை. அறுவை சிகிச்சைக் கவுண்டரின் கணினி படுத்துக்கொண்டு, வார்டுக் கவுண்டர் மட்டும் ஓடிய வாரத்தில் எல்லாம் சரியாக இருந்தது. இரண்டிலும் கூட்டம் நெரிகிற காலைகளில்தான் உதைத்தது.

“எப்பவாவது கூடியிருக்கா?”

நாத்தனார் தயங்கினாள். ஒருநாள் வார்டிலிருந்து ஒரு குப்பி திரும்பி வந்தது. அன்றைக்கு அலமாரியில் ஒன்று கூடுதல். எண்ணத் தெரியாதவள் என்று அதற்கும் திட்டு வாங்கினாள்.

“திருடறவ எடுத்துட்டுப் போவா, சரி,” என்றாள் அண்ணி. “கொண்டுவந்து வைப்பாளா சார்?”

சிற்பி, மனிதத் தவறு என்றார்.

டிவிக்கு எண் எப்படிப் போகிறது என்று அண்ணி கேட்டாள். சிற்பிக்கு முகம் மலர்ந்தது. குப்பியை வாங்கியவர் பொத்தானை அழுத்தினால் நிரல் இருப்பைப் படிக்கும், ஒன்றைக் கழிக்கும், புது எண்ணை டிவியில் சுழலவிடும், சுழன்று நின்ற பிறகே பதியும். இயக்குநரின் பார்வைக்கு வராமல் எதுவும் பதியக்கூடாது என்று அவரே யோசித்துச் செய்தது.

அண்ணி ஒரு நிமிடம் டிவியையே பார்த்தாள். பிறகு இருப்பை முப்பத்தெட்டாகத் திருத்தச் சொன்னாள். இயக்குநரின் கணினியில் ஒரு கவுண்டரின் திரையும், சிற்பியின் மடிக்கணினியில் இன்னொன்றின் திரையும் திறந்தன. பறிமுதல் செய்து வைத்திருந்த சாவியோடு இயக்குநரே போய் இரண்டு குப்பிகளை எடுத்துவந்தார். ஆளுக்கு ஒன்று.

“ரெண்டு பேரும் சேர்ந்து அழுத்துங்க.”

அழுத்தினார்கள். பொன்னெண் சுழன்றது. 37. மறுபடி சுழன்றது. மறுபடியும் 37.

“கையில ரெண்டு குப்பி. குறைஞ்சது ஒன்னு,” என்றாள் அண்ணி. “மெஷின் தப்பே பண்ணாதுன்னா உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் திருடர். யார் பைய முதல்ல கொட்டலாம்?”

தன் பையைக் காலால் நாற்காலிக்கடியில் தள்ளிய சிற்பியின் பக்கம் அண்ணி திரும்பினாள்.

“படிக்கிறது சிதையாது. பதியறதும் சிதையாது. நடுவுல உங்க டிவி சுத்துதே, அந்த நேரத்துல இன்னொருத்தரும் அதே பழைய எண்ணைப் படிச்சிடறாரு. ரெண்டு பேரும் முப்பத்தேழுன்னே பதியறீங்க. திரும்பி வந்த குப்பியோட கணக்கையும் அன்னிக்கு எவனோ இப்படித்தான் அழிச்சு எழுதியிருக்கான். ஒரே வீச்சுல கழிக்க அந்த மாறிக்கே தெரியும். இல்லேன்னா, பதியும்போது ‘நான் பாத்த எண் இன்னும் அப்படியே இருக்கா’ன்னு கேட்டுட்டு, மாறியிருந்தா திரும்பப் படிக்கச் சொல்லலாம். பூட்டே வேண்டாம். இந்த வசதியெல்லாம் உள்ள மாறியை வச்சீங்க, அதைப் பயன்படுத்தவே இல்லை.”

ரெண்டு வரி மாற்றினால் சரியாகிவிடும், சின்ன விஷயம் என்று முனகினார் சிற்பி. தொழில்நுட்பக் கோளாறுதானே, இத்தோடு விட்டுவிடலாம் என்று பெருந்தன்மை காட்டினார் இயக்குநர். சாவியை மேசைமேல் நாத்தனார் பக்கமாகத் தள்ளினார்.

நாத்தனார் அதைத் தொடவில்லை.

“அந்த ரெண்டு வரிக்குத்தான் என் பையக் கொட்டினீங்க. கொட்டினவங்களே எடுத்து வைங்க.”

இயக்குநர் அண்ணியைப் பார்த்தார். அண்ணி ஜன்னலைப் பார்த்தாள். வேறு வழியில்லாமல் இயக்குநரும் சிற்பியும் குனிந்து ஒரே சீப்புக்குக் கை நீட்டினார்கள். கைகள் முட்டிக்கொண்டன. சீப்பு தரையில் விழுந்தது.

“ஒருத்தர் முடிச்சப்புறம் இன்னொருத்தர்,” என்றாள் நாத்தனார்.