தேறியது என்றொரு கொடி

கோவை உறுப்பு அச்சகத்தில் ஓர் இதய வால்வு அச்சாகி வர, ஒரு காப்பி குடிக்கும் நேரம் போதும். வடிவமைப்பாளர்கள் அதைத் திருத்திக்கொண்டே இருப்பார்கள். ஒவ்வொரு திருத்தமும் வடிவக் களஞ்சியத்தில் பத்திரமாக இருக்கும். எதை அச்சிடுவது என்று காட்ட இரண்டு வழிகள். கொடி என்பது வெறும் பெயர். பிடுங்கி அடுத்த திருத்தத்தில் நட்டுவிடலாம், பழைய இடத்தில் தடம்கூட இருக்காது. முத்திரை லேசில் விடாது. யார், எப்போது, ஏன் என்று கேட்டு, பதில் எழுதினால்தான் விழும். பெயரைப் போட்டு மாட்டிக்கொள்ள யாருக்குத்தான் பிடிக்கும்? எல்லோரும் கொடியையே நட்டார்கள்.

தலைமை வடிவமைப்பாளர் தாமரைச்செல்வியும் அப்படித்தான். 'தேறியது' என்ற கொடியை அவள் பிடுங்கி நட்டதற்குக் கணக்கே இல்லை.

அதன் பலன் இப்போது அவளுக்கு எதிரே உட்கார்ந்திருந்தது. அவர் மருதாசலம், ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். பழைய திருத்தம் ஒன்றில் வால்வின் இதழ்கள் நாளடைவில் இறுகிவிடுவது தெரிந்து, அதைப் பொருத்திக்கொண்டவர்களுக்கெல்லாம் மாற்றிக்கொண்டிருந்தார்கள். அவருடைய வால்வின் பதிவில் 'தேறியது' என்று மட்டும் இருந்தது.

"உங்களுக்கு அச்சடிச்ச மாசம் மூணு திருத்தம் பண்ணியிருக்கோமுங்க. அதுல ஒண்ணுதான் இறுகுறது. உங்களுது எதுன்னு தெரியலீங்க," என்றாள்.

"கொடியை மாத்துனது யாருங்க அம்மிணி?"

தாமரைச்செல்விக்கு வெட்கமாக இருந்தது. "நானாத்தானுங்க இருக்கும்."

"நெஞ்சைத் தொறந்து பாத்தர்லாமுங்களா?"

"இந்த வயசுல மறுபடி தொறந்தா பொழைக்கறது பாதிக்குப் பாதிதான்னு டாக்டர் சொல்றாருங்க. தொறக்காம விட்டு அது இறுகுறதா இருந்தா, இன்னும் மோசம்."

அவர் சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டிருந்தார். பெயர்தான் தொலைந்தது, திருத்தங்கள் தொலையவில்லையே என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

மூன்றையும் புதிதாக அச்சிட்டாள். உப்புநீர் மூப்பேற்றியில் போட்டு அவற்றுக்கு அவருடைய வால்வின் வயதை ஏற்றினாள். பிறகு செயற்கை இதயத்தில் துடிக்கவிட்டு, மூடும் ஓசையை அவர் நெஞ்சின் ஓசையோடு ஒப்பிட்டாள். மூன்றாவதன் ஓசை அப்படியே பொருந்தியது. அது இறுகாத வால்வு. அவள் அழுதேவிட்டாள்.

அதோடு முடியவில்லை. வயதேறிய பிறகும் அந்த இதழ்கள், இன்றைய புதிய வால்வைவிட நெகிழ்வாக இருந்தன. இவ்வளவு நல்லதை ஏன் கைவிட்டோம் என்று எவ்வளவு யோசித்தும் அவளுக்குப் பிடிபடவில்லை. இனி எல்லோருக்கும் இதுவே போகட்டும் என்று முத்திரை வைக்கப் போனாள். ஏன் என்று அது கேட்டது. குப்பையில் போட்டவள் என்ன எழுதுவாள்?

"நாஞ் சொல்றனுங்க, எழுதிக்குங்க," என்றார் மருதாசலம். "மருதமலைப் படியை நிக்காம ஏறி எறங்கறேன். ராத்திரி நல்லாத் தூங்கறேன். போதாதுங்களா?"

முத்திரை அவர் பெயரிலேயே விழுந்தது.

அச்சகத்துக்கு அது பிடித்துப்போய், சட்டமாகவே ஆக்கிவிட்டார்கள். இனி கொடி கிடையாது. வால்வை நெஞ்சில் சுமப்பவர்தான் முத்திரை வைக்க முடியும், செய்தவர் வைக்க முடியாது. தாமரைச்செல்வியின் அடுத்த வால்வு பரிசோதனைகளில் எல்லாம் தேறி, முத்திரை இல்லாமல் காத்திருக்கிறது. அவள் காலையில் முதல் வேலையாக, அதைச் சோதனைக்காக முன்வந்து பொருத்திக்கொண்டவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டு எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கிறாள்.