சங்குச்சுழலில் ஒரு வீட்டு விண்மீன்

ரவை வறுபடும் வாசனை வந்தும் அதியன் திரும்பவில்லை. கைத்திரையில் துடித்த ஒற்றை வெள்ளைப் புள்ளியிலேயே அவன் கண் இருந்தது. உப்புமா வெந்ததும் மனைவி நப்பின்னை அதை அவன் வாயில் ஊட்டினாள்.

"உப்பு சரியா இருக்குங்களா?"

"கொஞ்சம் தூக்கல்."

கோவையில் எல்லா வீட்டிலும் காலை இப்படித்தான். சங்குச்சுழல் என்ற தொலைதூரச் சுருள் விண்மீன்திரளில், யாரும் பார்க்காத விண்மீன்கள் அணைந்துபோகின்றன என்று தெரிந்து இரண்டு தலைமுறை ஆகிறது. பல கோடி ஆண்டுப் பழைய ஒளி, நாம் பார்க்காததால் இன்று எப்படி அணையும்? விஞ்ஞானிகளிடம் பதில் இல்லை. கேமராக்கள் பயன்படவில்லை, உயிருள்ள கண்தான் வேண்டியிருந்தது. எஞ்சியவற்றில் வீட்டுக்கு ஒன்று கொடுத்தார்கள். இமைக்கலாம், திரும்பக் கூடாது. முறை மாற்றும்போது, அடுத்தவர் திரையைப் பார்த்து "வாங்கிட்டேன்" என்று சொன்ன பிறகே கண்ணை எடுக்க வேண்டும், கைக்குழந்தையைக் கை மாற்றுவதுபோல.

இவர்களுடைய விண்மீனை நான்கு கோள்கள் சுற்றின. ஒன்றின் இரவுப் பக்கம் மங்கலாக ஒளிர்ந்தது. விளக்குகளாக இருக்கலாம் என்றார்கள்.

"இன்னிக்கு ஆஸ்பத்திரிக்குப் போறேன். திரும்பி வரப்போ குழந்தையோட வருவேன்," என்றாள் நப்பின்னை. "அதுக்குள்ள இந்த மூஞ்சிய ஒருதரம் நேரா பாருங்களேன்."

"நான் உன்னைப் பார்க்கறப்ப நீ திரையத்தானே பார்க்கற? ஆறு வருசமா உன் காதோடதான் குடும்பம் நடத்தறேன்."

அவள் சிரித்துக்கொண்டே எதிரில் உட்கார்ந்தாள். "சரி, குடுங்க. வாங்கிட்டேன்."

அதியன் நிமிர்ந்தான். அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது. கண் திரைக்குப் போகவில்லை. அவளுடைய இரண்டு கண்களும் ஒரே அளவில்லை என்பதை அன்றுதான் கண்டான். அது அவனுக்கு மிகவும் பிடித்திருந்தது.

பிறகுதான் இருவருக்கும் உறைத்தது. திரை கறுத்துக் கிடந்தது.

"அங்க விளக்கு இருந்துச்சுங்க..." என்றாள் அவள்.

அவன் பதில் சொல்வதற்குள் ஜன்னலில் விழுந்த வெயில் அணைந்தது. நடுக்காலையில் வானம் முழுக்க இருட்டு. தெருவில் ஒரு காக்கைகூடக் கத்தவில்லை. ஒரு மூச்சு நேரம் கழித்து, ஒன்றுமே நடக்காததுபோல வெயில் திரும்பி வந்தது.

நப்பின்னை வயிற்றை இரு கைகளாலும் பொத்திக்கொண்டாள்.

"நம்ம சூரியனைப் பார்த்துட்டு இருந்தது அங்க விளக்கு வெச்சிருந்தவங்கதானுங்களா?"

அதியன் அணைந்த திரையையே பார்த்தான்.

"இப்ப வேற யாரோ வாங்கிட்டாங்க," என்றாள் அவள், மெதுவாக.

அந்த யாரோவின் எதிரிலும், திரும்பிப் பார்க்கச் சொல்லி ஒரு முகம் காத்திருக்கும்.