தானாகப் பார்த்துக்கொள்ளும் வண்டி

ஸ்பீடோமீட்டரின் ஓரத்தில் ஒட்டியிருந்த முருகன் ஸ்டிக்கருக்குப் பின்னால் ஏதோ மஞ்சளாக மினுங்கியதைப் பின் இருக்கையிலிருந்து ரஞ்சிதா பார்த்தாள். முருகன் முகம் ஒரு நொடி ஒளிர்ந்து அணைந்தது. மறுபடி ஒளிர்ந்தது.

பக்தியில் ஒட்டிய ஸ்டிக்கர் இல்லை அது. வண்டி வழுக்கினால் தானே சக்கரங்களைப் பிடித்து நேராக்கும் கருவி ஒன்று இந்தக் காரில் உண்டு. அதற்கு ஒரு எச்சரிக்கை விளக்கும் உண்டு. அந்த விளக்கு ஒரு மாதமாகச் சமதளத்தில் போகும்போதே எரிந்துகொண்டிருந்தது. ஷோரூமில் காட்டுங்கள் என்று அவள் படித்துப் படித்துச் சொன்னாள். "சென்சார்ல தூசி" என்று சொல்லிவிட்டுப் புருஷன் செந்தில்நாதன் அதன் மேல் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டான். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தெர்மாமீட்டரை ஒளித்துவைக்கிற ஜென்மம்.

அவனுக்கு மலைமேல் செம்மேட்டில் ஆபீஸ், குடும்பம் நாமக்கல்லில். லீவுக்கு வந்த மனைவியையும் மகளையும் ஊரில் விட மாலையில் கிளம்பியிருந்தான். மேலே வெயில் அடித்தது. கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கியதும் பள்ளத்திலிருந்து மூடுபனி எழுந்து, ஈரத் தழையும் மிளகுக்கொடியும் கலந்த வாசனையோடு கண்ணாடிகளில் அப்பி, முன்னால் போகும் ரோட்டை இரண்டு கார் நீளத்துக்கு மேல் காட்டாமல் மறைத்துக்கொண்டது. யமுனாவுக்கு வளைவுகளில் வாந்தி வரும். அதனால் அவளை மடியில் சாய்த்துக்கொண்டு ரஞ்சிதா பின்னால் உட்கார்ந்திருந்தாள். காலடியில், தரைக்குக் கீழே, எதையோ அரைப்பது போல 'கர்ர்' என்றது. நின்றது. அடுத்த வளைவில் மறுபடி.

"ஏனுங்க, கீழே என்னமோ சத்தம் கேக்குதுங்க."

"வண்டி தானா பாத்துக்கும். அதுக்குத்தான இத்தனை லட்சம் குடுத்தது?"

காருக்கு மூளை இருக்கிறது என்று ஆபீஸ் முழுக்கப் பீற்றிக்கொண்டவன். அவனுக்கும் கொஞ்சம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

மேலே ஏறி வந்த பஸ் ஒரு வளைவில் ஒதுங்கி வழி விட்டது. டிரைவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். "ஏனுங்க! சக்கரத்துல பொகை வருதுங்க! ஓரங்கட்டி நிறுத்துங்க!"

செந்தில்நாதன் கண்ணாடியை ஏற்றினான். "பஸ் ஓட்டுறவன் எனக்குச் சொல்றான் பாரு."

"அம்மா, தோசை கருகுது" என்றாள் யமுனா, கண்ணைத் திறக்காமலே.

தோசையில்லை. சூடேறிய இரும்பும் தீய்ந்த ரப்பரும். கீழே அந்தக் கருவி தானாகவே சக்கரங்களைப் பிடித்துப் பிடித்துத் தீய்க்கிறது என்று ரஞ்சிதாவுக்குப் புரிந்தது.

"நிறுத்துங்க. புள்ளைக்கு வாந்தி வருதுங்க."

"நிறுத்தலாம் நிறுத்தலாம். அடுத்த வளைவுல."

அடுத்த வளைவு வந்தது. நிறுத்தவில்லை. டயர்கள் கிறீச்சிட, கைப்பிடிச் சுவரை உரசாத குறையாகத் திரும்பினான்.

"பாட்டுப் போடட்டுமா?" என்றான்.

அந்தக் குரலில் ஏதோ சரியில்லை. அவள் இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே எட்டிப் பார்த்தாள். அவனுடைய வலது கால் பிரேக்கைத் தரையோடு தரையாக மிதித்திருந்தது. தொடை வெடவெடவென்று நடுங்கியது. கார் வேகம் குறையவே இல்லை.

எத்தனை வளைவுகளாக இப்படி மிதித்துக்கொண்டிருக்கிறான்? பஸ்காரர் கத்தியபோதே தெரிந்திருக்கும். தெரிந்தும் கண்ணாடியை ஏற்றினான். தப்பை ஒத்துக்கொள்வதற்குப் பதில் பெற்ற பிள்ளையைப் பள்ளத்தில் தள்ளவும் துணிந்த மானஸ்தன்! அவளுக்குப் பயத்தைவிட அருவருப்புதான் முதலில் வந்தது.

"பிரேக் இல்லீங்களா?"

ஸ்டிக்கர் மட்டும் மினுங்கியது. வேகமாக.

வளைவு. வலப்பக்கம் ஒடித்தான். 'கர்ர்.' இடப்பக்கச் சக்கரம் ஒன்று மட்டும் தானே இறுகிப் பிடித்தது. கார் இடப்பக்கமே இழுத்தது. சுவர். கல் சரியும் சத்தம். யமுனாவை நெஞ்சோடு இறுக்கினாள்.

நின்றது.

முன் கண்ணாடியில் ரோடு இல்லை. வெள்ளையாகப் பனி மட்டும். காரின் மூக்கு சரிந்து, முன் சக்கரங்கள் அந்தரத்தில் சுழன்று ஓய்ந்தன. என்ஜின் அணைந்துவிட்டது. கீழே எங்கோ கற்கள் உருண்டுகொண்டே போயின.

"பாத்தியா?" என்றான் செந்தில்நாதன். "தானா நின்னுச்சுல்ல?"

த்தூ! இப்போதும்!

'கர்ர்.'

என்ஜின் இல்லாமல். சாவியை யாரும் திருப்பாமல். அவன் அலறி இரண்டு கால்களையும் இருக்கைமேல் தூக்கிக்கொண்டான். அவளும் பார்த்தாள். யாரும் மிதிக்காத பிரேக் மெதுவாகத் தானே கீழே இறங்கியது. தானே மேலே எழுந்தது. எழுந்தபோது கார் ஒரு விரல் அளவு முன்னால் நகர்ந்தது. பார்க்கிங் பிரேக் பட்டனை அவன் குத்திக் குத்திப் பார்த்தான். பிரேக் மிதி இறங்கியது. எழுந்தது. இன்னொரு விரல்.

ரஞ்சிதா பின்கதவைத் திறந்தாள். கீழே ரோடு இருந்தது. யமுனாவை இறக்கிவிட்டாள். "கண்ணு, அந்தப் பாறையோரமா போய் நில்லு. அம்மா இதோ வாரேன்."

ஒரு காலை வெளியே வைத்தாள். காரின் பின்பக்கம் எழும்பியது.

"எறங்காத ரஞ்சி! நீ எறங்கினா வண்டி போயிரும்!"

போகட்டும் என்று நினைத்தாள். மனதார நினைத்தாள். இன்னொரு காலைத் தூக்க முடியவில்லை. இந்த ஆளுக்காகவா என்று தன்னையே திட்டிக்கொண்டு, வைத்த காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். பின்பக்கம் தணிந்தது.

பனிக்குள் யமுனா தெரியவில்லை. அழுகை மட்டும் கேட்டது. பிறகு செருப்புச் சத்தம். கதவோரத்தில் இரண்டு சின்னக் கைகள்.

"பயமா இருக்கும்மா. நானும் உள்ள வாரேன்."

"வராத சாமி! போ! அங்கேயே நில்லு!"

கண்ணாடியில் செந்தில்நாதனின் கண்கள் பின்னால் பார்த்தன. பிள்ளையை அளந்தன.

"வரட்டும் விடு" என்றான். "பின்னால வெயிட்டு வேணும்."

ரஞ்சிதா தள்ளினாள். அந்தக் கைகள் அவள் சேலையை விடவில்லை. சேறு படிந்த ஒரு குட்டிச் செருப்பு கதவுப் படியில் ஏறியது. ஸ்டிக்கர் மினுங்குவதை நிறுத்திவிட்டு நிலையாக எரிந்தது.

மிதி மெல்ல மேலே எழுந்தது.