மாமியாரின் முனகல் நின்ற வீடு

"எங்கம்மாவை ஒரு பெட்டிக்குப் பேரா வைப்பியா நீ?"

"பேரு எங்க வச்சேன்? மாமியார்னுதானே வச்சேன். ஊர்ல ஒரே ஒரு மாமியாரா இருக்காங்க?"

"'மாமியார் தேய்ஞ்சாச்சு, சீக்கிரம் மாத்து'ன்னு திரையில வருது. படிக்கிறவனுக்கு எப்படி இருக்கும்?"

"அதான் நிறுத்திட்டேனே. இப்ப எங்க வருது?"

கணவன் சாப்பாட்டு மேசையில் ஓங்கிக் குத்தினான். தண்ணீர்த் தம்ளர் உருண்டு விழுந்தது. பட்டப்பகல், எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று, காற்றுக்காகத்தான், மெல்லத் திறந்துகொண்டது.

சர்வர் வேலை என்று அவள் சொன்னபோது, எந்த ஓட்டலில் என்று கேட்ட தெரு அது. அன்றிலிருந்து அவள் சர்வர்க்காரி. எங்கோ ஒரு பூட்டிய அறையில் ஓடும் கணினிகளைத் தன் வீட்டுக் கூடத்திலிருந்தே மேய்ப்பது அவள் பிழைப்பு. எண்களைச் சொல்லி அழைப்பது அலுத்துப்போய் அவற்றுக்கு உறவுமுறை சூட்டியிருந்தாள். ஓயாமல் முனகுவது மாமியார். சட்டென்று சூடேறுவது புருஷன். எல்லார் வேலையையும் இழுத்துப் போட்டுக்கொள்வது மருமகள். அதில் யாருக்கும் ஐயமே வேண்டாம்.

அந்தக் கணினிகளின் டிஸ்க்குகள் எழுத எழுதத் தேயும். தேய்மானம் எல்லை தாண்டினால் எச்சரிக்கை வரும். மாமியார் டிஸ்க் நாளெல்லாம் கத்தியது. மாற்றித் தாருங்கள் என்றால், பிறகு பார்க்கலாம் என்றது அலுவலகம். ஊர் உலகம் செய்வதை அவளும் செய்தாள்: எச்சரிக்கையை அணைத்தாள். ஒவ்வொன்றாக அணைக்கச் சோம்பல்பட்டு, 'குடும்பம்' என்ற தொகுதி முழுவதற்கும் ஒரே சொடுக்கு. போன வாரம்.

இத்தனை சண்டைக்கும் சமையலறையிலிருந்து நிஜ மாமியாரின் ஒரு வார்த்தைகூட வரவில்லை என்பது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மூட்டுவலிக்கு நடுவிலும் மகனுக்காக வரிந்துகட்டி வருகிற வாய் அது. யோசித்துப் பார்த்தால், ஒரு வாரமாகவே அந்த முனகல் இல்லை. அதற்குப் பதிலாக அடுக்களையிலிருந்து துருவியில் எதையோ இழுக்கும் ஓசை, முதலில் ஈரமாகவும் பிறகு வறட்சியாகவும், நிற்காமல், அவசரப்படாமல் வந்துகொண்டிருந்தது. கூடவே துருப்பிடித்த குழாய்த் தண்ணீரைப் போல ஒரு நெடி.

எழுந்து போனாள்.

மாமியார் கேரட் துருவிக்கொண்டிருந்தார். கேரட் எப்போதோ தீர்ந்திருந்தது. விரல்களும் பாதி தீர்ந்திருந்தன. தட்டில் குவிந்திருந்ததில் நகம் ஒன்று மின்னியது.

"வாம்மா. இப்பல்லாம் வலியே தெரியல. நீ மகராசி."

கை நிற்கவில்லை.

கூடத்தில் மேசை பிளந்த சத்தம். கணவன் இன்னும் குத்திக்கொண்டிருந்தான். கோபமில்லை, வியப்பு.

"இங்க பாரேன், வலிக்கவே இல்ல," என்று சொல்லி முஷ்டியைக் கண்ணாடி ஜன்னலுக்குள் விட்டான். மறுபடி விட்டான். சில்லுகள் முழங்கை வரை ஏறின. சிரித்தான்.

ஓடி வந்து கணினி முன் உட்கார்ந்தாள். வலியும் ஓர் எச்சரிக்கைதானே. அதைத் திரும்பப் போட வேண்டும். போட்டால் என்ன ஆகும் என்பதும் அவளுக்குத் தெரியும். அடக்கி வைத்த எச்சரிக்கைகள் தொலைந்துபோவதில்லை. திறந்ததும் மொத்தமாகக் கொட்டும். விட்டாலோ தேய்ந்தே தீர்வார்கள்.

மாமியார். சொடுக்கு.

ஒரு வாரத்து வலி ஒரே வாயில் வந்தது. தெருமுனை வரை கேட்டது. பாத்திரங்கள் சரிந்தன. தலை எதிலோ மோதியது. மோதியது. நின்றது.

அடுக்களை வாசல்வரை ஓடிய கணவன் திரும்பி வந்தான். முகத்தில் சிரிப்பு இல்லை.

"என் பேரை அமுக்காத."

"வேற வழியில்லைங்க."

"அமுக்காதடி." உடைந்த கையை அவள் கழுத்தில் சுற்றினான். சில்லுகள் இறங்கின. சூடாக ஏதோ மார்பில் வழிந்தது. மூச்சு அடைத்தது.

வலிக்கவில்லை.

புருஷன். சொடுக்கு.

அவன் விழுந்த பிறகும் நெடுநேரம் துடித்தான். பிறகு வீடு அமைதி. ஒரு ஓசை மட்டும். டக். டக். வாரம் முழுக்கக் கேட்டதுதான். விசைப்பலகை பழசாகிவிட்டதென்று நினைத்திருந்தாள்.

குனிந்து பார்த்தாள். விரல் நுனிகளில் சதை இல்லை. எலும்புகள்.

திரையில் மூன்றாவது பெயர். மருமகள். எச்சரிக்கை: அணைக்கப்பட்டது.

இருவரையும் தூக்கிப் போனார்கள். யார் என்ன கேட்டாலும் அவள் திரும்பாமலே தட்டிக்கொண்டிருந்தாள்; கழுத்துக் காயத்தைக் கண்டவர்கள் இரண்டாம் கேள்வி கேட்கவில்லை. கீழ்வீட்டில் குடியிருந்தவர்கள் கொடுத்த முன்பணத்தைக்கூடத் திரும்பக் கேளாமல் வீடு மாறினார்கள். எதிர்வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம் முடிந்தது. புகுந்த வீடு எங்கே என்றால், அந்தச் சத்தம் கேட்காத தூரம் என்கிறாள். அலுவலகம் ஒருவழியாக மாமியார் டிஸ்க்கை மாற்றிவிட்டது.

சர்வர்க்காரி மட்டும் எங்கும் போகவில்லை. உடைந்த ஜன்னல் வழியாக முதுகு தெரிகிறது. மூன்றாவது பெயரை அவள் இன்னும் தொடவில்லை. டக். டக். முன்பு அது விரல்களிலிருந்து வந்தது. இப்போது மணிக்கட்டிலிருந்து வருகிறது.